கட்டுத்தரையில் மாடு, பள்ளிக்குக் கோடை விடுமுறை: வாசகர் கேள்வி – பதில்

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் இந்த நாட்களில் ஆடு மாடு வளர்க்கும் குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. பிள்ளைகளை நான்கு நாள் வெளியூருக்கு அழைத்துப் போக வேண்டும். ஆனால் கறக்கிற மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆகவே இந்த இதழில் அந்தக் கவலைக்கு மட்டுமே இடம் ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. காங்கேயம் வட்டத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் மானாவாரி நிலமும், கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலம் ஒன்றும் இருக்கின்றன. ஈன்று 3 மாதமான ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று காலையில் 6 லிட்டரும் மாலையில் 4 லிட்டரும் கறக்கிறது. காங்கேயம் பசு ஒன்று செப்டம்பர் நடுவில் காளைக்குச் சேர்ந்து சினையாக நிற்கிறது. 12 வெள்ளாடுகளும் 20 நாட்டுக்கோழிகளும் உண்டு. மகனுக்கு 7 வயது, மகளுக்கு 3 வயது. திருமணமானதிலிருந்து நானும் கணவரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. விசேஷம் என்றால் ஒருவர் போவோம், ஒருவர் மாட்டுக்கு நிற்போம். இந்த மே மாதம் எல்லோரும் சேர்ந்து நான்கு நாள் ஊட்டிக்கோ ராமேசுவரத்துக்கோ போக வேண்டும் என்று மகன் கேட்கிறான். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உள்ளவர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் கறவை மாடு புது ஆளை அண்டவிடாமல் உதைக்கிறது. மாட்டை இப்போது விற்றுவிட்டு, போய்வந்த பிறகு வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்: சகோதரி, மாட்டை விற்க வேண்டாம். ஈன்று மூன்று மாதமே ஆன, நல்ல கறவையில் இருக்கிற, உங்கள் கைக்கும் குரலுக்கும் பழகிய ஒரு பசுவை நான்கு நாள் பயணத்துக்காக விற்றுவிட்டால், அதற்கு ஈடாகச் சந்தையிலிருந்து வாங்கிவரும் மாட்டுக்கு என்ன நோய் இருக்கிறது, மடியில் எந்தக் காம்பு பழுது, எந்தக் குணம் என்று அறிந்துகொள்ளவே உங்களுக்குப் பல மாதங்கள் ஆகிவிடும். உங்கள் மகன் கேட்பது நியாயமான ஆசை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் தன்னோடு இருக்கும் ஒரு பயணம் அந்த வயதில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தாக வேண்டும். உங்களைத் தடுப்பவை அந்த இரண்டு மாடுகள் அல்ல. மாடுகளுக்குப் பழக்கமான மூன்றாவது ஆள் ஒருவர் உங்கள் தோட்டத்தில் இல்லாததுதான் தடை. அந்த ஆளை இப்போதிலிருந்தே உருவாக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மனமுவந்து முன்வந்திருக்கிறார். அவரிடம் புறப்படும் நாள் காலையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பலரும் செய்வது. மாடு உதைப்பதும், பாலை இறக்காமல் அடக்கிக்கொள்வதும் அதனால்தான். கன்று முட்டும்போதோ பழகிய கை மடியைத் தடவும்போதோ பசுவின் உடலில் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு ஊறி, அதன் வேலையால் பால் காம்புக்கு இறங்குகிறது. பயமோ மிரட்சியோ ஏற்பட்டால் அந்தச் சுரப்பின் வேலை தடைபட்டு, பால் மடியிலேயே தங்கிவிடுகிறது; தங்கிய பாலே மடிநோய்க்கு வாசல் திறக்கிறது. ஆகவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவரை வரச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் கறக்கும்போது அவர் பக்கத்தில் நின்று தீவனம் வைக்கட்டும், கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும். அடுத்த சில நாட்கள் அவர் கறக்க நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கடைசி நாட்களில் நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அவரை மட்டும் அனுப்புங்கள். கன்றை விட்டுப் பால் இறக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அவரும் அதே முறையில் விடட்டும். ஆனால் வேலை மிச்சமாகும் என்று கன்றை நாள் முழுவதும் தாயோடு அவிழ்த்துவிட வேண்டாம், அளவுக்கு மிஞ்சிக் குடித்த கன்றுக்குக் கழிச்சல் வந்துவிடும். ‘பால் ஊசி’ எனப்படும் ஆக்சிடோசின் ஊசி போட்டால் உடனே இறங்கிவிடும் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எவர் கையாலும் அந்த ஊசி உங்கள் மாட்டுக்குப் போடப்படக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கறவையைப் பொறுத்தவரை அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை சிலவே. நேரம் மாறக் கூடாது. விடிகாலை 5 மணிக்குக் கறக்கிற மாட்டை 8 மணிக்குக் கறந்தால் மடி கனத்து வலிக்கும். முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியின் மேல் விட்டுப் பார்த்தால் திரி திரியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கறந்து முடித்ததும் காம்புகளைப் போவிடோன் அயோடின் கரைசலில் நனைத்துவிட்டு, அதன் பிறகு தின்னத் தட்டு (உலர்ந்த சோளத்தாள்) போட வேண்டும். கறந்தவுடன் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும் என்பதால், மாடு உடனே சாணத்தில் படுத்துவிடாமல் அரை மணி நேரமாவது நின்றுகொண்டு தின்பது மடிக்குப் பாதுகாப்பு.

தீவனத்தில் நான் அஞ்சுவது பட்டினியை அன்று. அளவு மீறிய அன்பைத்தான் அஞ்சுகிறேன். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர், திரும்பி வருகிறவர்கள் முகத்தில் குறை தெரியக் கூடாது என்று எண்ணி, மீந்த சோற்றையும் கூடுதலாக இரண்டு படி மாவுத் தீவனத்தையும் தொட்டியில் கொட்டிவிடுவார். மாவுச்சத்து திடீரென மிகும்போது முதல் வயிற்றில் அமிலம் பெருகி, மாடு அசைபோடுவதை நிறுத்தி, படுத்துவிடுகிறது. சில நேரம் எழாமலே போய்விடுகிறது. 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோவும், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோவுமாக நாளுக்கு ஐந்தரை கிலோ கலப்புத் தீவனம் போதும். நீங்கள் இப்போது வைக்கும் அளவு எதுவோ அதையே ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பையில் நிறுத்துக் கட்டி, தாது உப்புக் கலவையையும் அதிலேயே சேர்த்து, நாளும் வேளையும் எழுதி அடுக்கிவைத்துவிட்டுப் போங்கள். பையில் உள்ளதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது ஒன்றே கட்டளையாக இருக்கட்டும். பசுந்தீவனம் தினமும் வெட்டிச் சுமப்பது அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குப் பெரும் சுமை. கோ-5 புல்லையோ மக்காச்சோளத்தையோ இப்போதே மூட்டைகளில் காற்றுப் புகாமல் அழுத்திக் கட்டி ஊறுகாய்ப் புல்லாக்கிவிட்டால் 45 நாளில் தயாராகிவிடும்; மே மாதத்தில் மூட்டையைப் பிரித்துப் போடுவது மட்டுமே அவர் வேலையாக இருக்கும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் கலந்து போட்டுப் பழக்குங்கள். முதன்முதலாக நீங்கள் இல்லாத நாளில் அதை வைக்க வேண்டாம்.

உங்கள் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். அறுத்த சோளத்தாளிலிருந்து கோடை மழைக்குத் துளிர்க்கும் இளஞ்சோளத்திலும், வாடிக் குன்றிய சோளப் பயிரிலும் நச்சு மிகுந்திருக்கும். பசுமையைக் கண்டு மாட்டை அதில் மேயவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். மேய்ச்சலுக்குக் கொறங்காடு மட்டுமே, சோளக்காடு கூடாது என்று எல்லையைக் காட்டிவிடுங்கள். கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக வைத்திருக்கும் கொறங்காடு உங்களுக்கு உள்ளது பெரும் பேறு. ஒருவர் கூடவே நின்று மேய்க்க வேண்டிய தேவை இல்லாமல் பகலில் சினைமாட்டை அவிழ்த்துவிட அதைவிட நல்ல இடம் இல்லை. வேலியில் இடைவெளி இருந்தால் இப்போதே முள் போட்டு அடைத்துவிடுங்கள்.

சினையாக இருக்கும் காங்கேயம் பசுவின் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதால், செப்டம்பர் நடுவில் சினை நின்ற மாடு ஜூன் மூன்றாவது வாரத்தில் ஈனும். பத்து நாள் முன்பின் ஆகலாம். ஆகவே மே முதல் பாதிக்குள் போய்வந்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்துக்கு ஒத்திப்போட்டால் ஈற்று நெருங்கிவிட்ட மாட்டை அடுத்தவர் பொறுப்பில் விட நேரிடும். வரும் ஆண்டுகளுக்கும் இதே கணக்கு உதவும்: கறவை மாட்டை எந்த மாதத்தில் சினைக்கு விடுகிறோம் என்பதே, அடுத்த கோடையில் அது வற்றுக்காலத்தில் நிற்குமா, நிறை கறவையில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஈற்றுக்கு முந்தைய 60 நாள் எப்படியும் கறவையை நிறுத்த வேண்டிய காலம். பால் வற்றவைத்த முதல் இரண்டு வாரம் மடியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது கடந்த பிறகு, ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு வரை உள்ள நாட்கள்தான் ஒரு பால்மாட்டுக் குடும்பம் வெளியூர் போக ஏற்ற நாட்கள். வெள்ளாடுகளின் சினைக்காலம் 150 நாள். டிசம்பரில் கிடாய் சேர்ந்திருந்தால் மே மாதத்தில் குட்டி விழும். மடி இறங்கிய ஆடு இருக்கிறதா என்று புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மே வெயிலில் கறவை மாடு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். சினைமாடு, ஆடுகள், கோழிகள் எல்லாம் சேர்த்து உங்கள் தோட்டத்துக்கு நாளுக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். மோட்டார் பழுதானாலும் மின்சாரம் போனாலும் சமாளிக்க 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை நிரப்பிவைத்துவிட்டுப் போனால் மனம் நிம்மதியாக இருக்கும்.

இரவில் தோட்டத்தில் ஒருவர் கட்டாயம் படுத்திருக்க வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது அண்மை ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களை வாட்டியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பகலில் ஆட்டைத் தென்னையடியில் கட்டிவிட்டுப் போவதும் ஆபத்துதான். கட்டிக்கிடக்கும் ஆடு ஓடித் தப்பவும் முடியாது. இந்த வேலைகளை மாமியாரிடம் விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முழங்கால் வலி உள்ளவர் கலப்பின மாட்டின் கயிற்றைப் பிடித்து நிற்கக் கூடாது. கோழிகளைத் திறந்துவிடுவது, அடைப்பது, வருகிறவர் நேரத்துக்கு வந்தாரா என்று பார்ப்பது வரை அவரால் இயலும். ஆனால் அவரும் உங்களோடு வர விரும்புகிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் கட்டுத்தரையை விட்டு நகராத பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களை வீட்டுக்குக் காவலாகவே எண்ணிப் பழகிவிட்டோம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு அந்த நாட்களின் பாலும் முட்டையும் அவருக்கே சொந்தம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கூலியும் கொடுங்கள், பழகவந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள். அக்கம்பக்கத்தில் பணம் வாங்கத் தயங்குவார்கள். அப்படியானால் அவர் வீட்டுத் திருமணத்துக்கோ கோயில் பயணத்துக்கோ அவருடைய மாடுகளை நீங்கள் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நன்றி சொல்லி முடித்துவிடும் உதவி அடுத்த ஆண்டு கிடைக்காது.

கோமாரித் தடுப்பூசி போட வேண்டியிருந்தால் பயணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். காப்பீடு இருந்தால் மாட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லை விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு பெற முடியாது. கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும், உங்கள் ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவரின் எண்ணையும் கட்டுத்தரைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். மாடு அசைபோடவில்லை, இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறது, பாலில் திரி தெரிகிறது என்ற மூன்றில் ஒன்றைக் கண்டாலும் முதலில் மருத்துவரை அழைக்க வேண்டும், பிறகு உங்களை அழைத்தால் போதும் என்று சொல்லிவையுங்கள். கைவைத்தியமாக எண்ணெயை வாயில் ஊற்ற வேண்டாம். நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் பயணத்துக்கு நான்கு நாள் வேண்டாம், இரண்டு இரவு போதும் என்பது என் கருத்து. மாட்டுக்கு மட்டுமல்ல, மூன்று வயதுக் குழந்தைக்கும் அதுவே தாங்கும். அழைப்பு வந்தால் அரை நாளில் திரும்பிவிடக்கூடிய ஊராக இருக்க வேண்டும் என்பதால் இந்த மே மாதத்துக்கு ஊட்டியே பொருந்தும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தே செல்ல வேண்டியிருப்பதால், அதை முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையுள்ள 46 கிலோமீட்டரையும் ஏறிப்போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்; சிறு குழந்தையோடு போகிறவர்களுக்குக் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே போதும், பிள்ளைகளின் மகிழ்ச்சி அதில் ஒன்றும் குறையாது. ராமேசுவரத்தை டிசம்பர் மாத அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கொறங்காட்டில் புல் நிற்கும், வெயில் தணிந்திருக்கும், பார்த்துக்கொள்கிறவருக்கும் வேலை பாதியாகிவிடும். கால்நடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மே மாதத்தைவிட டிசம்பர் கடைசி வாரமே சிறந்த விடுமுறைக்காலம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு தொடங்குகிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாமென்றால் பயணச்சீட்டு தேவையில்லை.

கேள்வி: மனைவி, இரண்டு குழந்தைகளுடன் ஐந்து நாள் கேரளம் சென்றுவந்தோம். அண்ணன் மகன் மாட்டைப் பார்த்துக்கொண்டான். போகும்போது 9 லிட்டர் கறந்த மாடு இப்போது 6 லிட்டர்தான் கறக்கிறது. பின்பக்கக் காம்பு ஒன்று சூடாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. பால் பழைய அளவுக்குத் திரும்புமா? இனிமேல் எங்கும் போகக் கூடாது என்கிறார் அப்பா.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஆள் மாறியதாலும் நேரம் மாறியதாலும் குறைந்த பால், பழைய கையும் பழைய நேரமும் திரும்பினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் மேலேறிவிடும். காம்பு சூடாகிக் கெட்டிப்பட்டிருப்பது அப்படிப்பட்டதன்று. அது மடிநோய், அதற்குக் காத்திருக்க நேரமில்லை. இதைப் படிக்கும் நாளிலேயே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை அந்தக் காம்பின் பாலை ஒரு நாளில் பல முறை முழுவதுமாகப் பீச்சி, தரையில் விடாமல், தனியாக ஒரு பாத்திரத்தில் பிடித்துக் குழியில் ஊற்றி மூடுங்கள். நல்ல காம்புகளை முதலில் கறந்து, நோயுள்ளதைக் கடைசியில் கறக்க வேண்டும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் நாளுக்குப் பல முறை பூசும் மூலிகை மருத்துவம் கால்நடை மருத்துவர்களாலேயே பரிந்துரைக்கப்படுவது. அதைச் செய்யலாம், ஆனால் மருத்துவருக்கு மாற்றாக அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால் மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைக் குழந்தைகளுக்கும் கன்றுக்கும் கொடுக்கவோ, கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றவோ கூடாது.

அண்ணன் மகனைக் கடிந்துகொள்ளாமல், எந்த நேரத்தில் கறந்தான், மடி வற்றும்வரை கறந்தானா, கறந்ததும் மாடு படுத்துவிட்டதா என்று மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். அவன் சொல்லும் விடையிலேயே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்த முறை எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உங்கள் தந்தையின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு காம்பு நோயுற்றதற்காகக் குழந்தைகளின் எல்லாக் கோடைகளையும் விட்டுவிடுவது சரியாகாது. மேலே காங்கேயம் வாசகிக்குச் சொல்லியிருக்கும் பழக்கும் முறையை அவருக்கும் படித்துக்காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5 வயது. வீட்டில் பிறந்த வெள்ளாட்டுக் கிடாய்க்குட்டி ஒன்றைத் தம்பி போலவே வளர்க்கிறார்கள். அதைப் பக்ரீத்துக்கு விற்பதாகப் பேசியிருக்கிறோம். நாங்கள் கொடைக்கானல் போயிருக்கும் நாட்களில் வியாபாரி வந்து பிடித்துக்கொண்டு போனால் குழந்தைகள் அழுவதைப் பார்க்க வேண்டியிருக்காது, திரும்பிவந்ததும் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: அப்படிச் செய்யக் கூடாது அம்மா. குழந்தைகள் அழாமல் இருப்பார்கள் என்று நினைப்பது தவறு. திரும்பிவந்த நாளில் காடு மேடெல்லாம் அதைத் தேடி அலைவார்கள். அதைவிடக் கேடு, அடுத்த முறை வெளியூர் புறப்படும்போது, நாம் போனால் வீட்டில் எது காணாமல் போகுமோ என்ற அச்சம் அவர்கள் மனத்தில் எழுந்துவிடும். தொலைந்துபோனது என்று சொல்லிவிட்டால், கதவைச் சரியாகச் சாத்தாமல் போனது தானோ என்று எட்டு வயதுப் பெண் தன்னையே குற்றம்சாட்டிக்கொள்வாள்.

விற்பதைப் பயணத்துக்கு முன்போ, திரும்பி ஒரு வாரம் கழித்தோ வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கும்போதே நடக்கட்டும். ஆடு வளர்ப்பது நம் வருமானத்துக்காக, கிடாய்க்குட்டிகளை விற்றுத்தான் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம் என்பதை எட்டு வயதுக் குழந்தை நிச்சயம் புரிந்துகொள்ளும். ஐந்து வயதுப் பையன் முழுவதும் புரிந்துகொள்ள மாட்டான், அழுவான். அழட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அந்த ஒரு குட்டியின் மேல் இவ்வளவு உயிராக இருக்கிறார்கள் என்றால், அதை விற்காமல் வேறு கிடாயைக் கொடுக்க முடியுமா என்றும் யோசியுங்கள். முடியாவிட்டால் முடியாது என்பதையே நேராகச் சொல்லுங்கள். இனிப் பிறக்கும் குட்டிகளில் வீட்டிலேயே தங்கப்போகும் பெட்டைக்குட்டிகளைக் குழந்தைகளின் பொறுப்பில் விடுவது இந்த வேதனையைக் குறைக்கும்.

பயணம் போகும் நாட்களில் மற்ற ஆடுகளை நினைத்துக் குழந்தைகள் ஏங்கினால், புறப்படுவதற்கு முன் அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். தீவனப் பைகளில் நாளையும் வேளையையும் மகள் எழுதட்டும்; எந்த ஆட்டுக்கு எது பிடிக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் மகன் சொல்லட்டும். மாலையில் குறித்த நேரத்தில் ஒருமுறை தொலைபேசியில் அவரை அழைத்துக் கேட்கலாம். ஒரு நாளில் பல முறை அழைக்க வேண்டாம், வேலை செய்கிறவருக்கு அது தொல்லை.

கேள்வி: எங்களிடம் ஆடு மாடு இல்லை, 25 நாட்டுக்கோழிகள் மட்டும் உண்டு. மூன்று நாள் தீனியையும் தண்ணீரையும் நிரப்பி வைத்துவிட்டுக் குழந்தைகளோடு திருச்செந்தூர் போய்வரலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: யாரும் வந்து பார்க்காமல் மூன்று நாள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வளர்ந்த கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். 25 கோழிக்கு நாளுக்கு மூன்று கிலோ வீதம் மூன்று நாளுக்கு ஒன்பது கிலோ அளவில் தீனி வைப்பது கடினமில்லை. தண்ணீர்தான் சிக்கல். வெயில் நாளில் தீனியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் குடிக்கும் கோழிகள், தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் அன்று பிற்பகலிலேயே சுருண்டு விழுந்துவிடும். கூட்டை இரவில் அடைக்காவிட்டால் கீரியும் காட்டுப்பூனையும் வரும். அடைத்தே வைத்துவிட்டால் உள்ளே வெந்துபோகும். வளர்க்கும் உயிருக்குப் போதிய தீனியும் நீரும் இடமும் தராமல் விடுவதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் வதையாகவே கருதுகிறது. காலையில் திறந்துவிடவும் அந்தி சாயும்போது எண்ணிப் பார்த்து அடைக்கவும் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, முட்டைகளை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டால், நீங்கள் கவலையில்லாமல் போய்வரலாம். அடைவைத்த முட்டை 21-ஆம் நாள் பொரிக்கும். அந்த நாள் பயணத்துக்குள் விழாதபடி அடைவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் ஊர்களிலும் திருவிழாக் கடைகளிலும் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளை விற்பார்கள், குழந்தைகள் கேட்பார்கள். அவற்றுக்குத் தடுப்பு மருந்து போட்டிருக்கிறதா என்பதை விற்கிறவரே அறிந்திருக்க மாட்டார், வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய் அவற்றோடு உங்கள் கூட்டுக்குள் வந்து சில நாளில் எல்லாக் கோழிகளையும் வாரிக்கொண்டு போகக்கூடும். வாங்காமல் வருவதே நல்லது. வாங்கிவிட்டால் மூன்று வாரமாவது வீட்டின் வேறு பக்கத்தில் தனியாக வைத்து, உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே அவற்றைத் தொட்டு, குழந்தைகளையும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள். உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால், புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.